செவலைக்குப் போர்த்திய பொன்னாடை

செவலைக் கோழியை மடியில் மல்லாக்கப் போட்டு, இறக்கைக்கு அடியில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் வேணி. சாம்பலில் வேப்பிலைத் தூளும் கலந்திருந்தாள். தேய்க்கத் தேய்க்கக் கோழிப்பேன்கள் இறங்கி அவள் முழங்கை வரை ஏறின. இடம் பிடிக்கவில்லையோ என்னவோ, மறுபடி கோழிக்கே திரும்பிப் போயின.

செவலை அடையில் இருக்கிறாள். கூடை நிறைய முட்டை. இன்றோ நாளையோ பொரிக்க வேண்டும். ஆனால் அரிப்புத் தாங்காமல் கூடையை விட்டு இறங்கி இறங்கி ஓடுகிறாள். முட்டை ஆறிப்போனால் உள்ளே இருக்கும் குஞ்சுகள் போனதுதான்.

"சாம்பலுக்கெல்லாம் இது அடங்காது வேணி," என்று பக்கத்து வீட்டு வஹீதா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "பேன் ஒழிப்பு ஆபீஸ்னு புதுசா திறந்திருக்காங்கள்ல, அங்க பவுடர் தராங்களாம். கோழியைத் தூக்கிட்டு ஓடு. முட்டையைப் போர்வை போட்டு நான் பாத்துக்கறேன்."

"ஆபீஸ்ல நான் போய் என்னக்கா பேசறது?"

"நீ ஒண்ணும் பேச வேணாம். பேன் பேசும்."

பால்காரரிடம் கூடுதலாகக் கால் லிட்டர் கேட்கவே கூச்சப்படுகிறவள் வேணி. இருந்தாலும் முட்டை ஆறுமே என்ற பயம் கூச்சத்தைப் பிடித்துத் தள்ளியது. செவலையை ஒயர்க் கூடையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

புற ஒட்டுண்ணி ஒழிப்பு இயக்கத்தின் தனி அலுவலர் ஹரிஹரசுதன் மேசைக்குப் பின்னால் வீற்றிருந்தார். வெளியே பந்தல் போட்டு, ஏதோ விழாவுக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா?"

வேணி வாய் திறக்காமல் கூடையை நீட்டினாள்.

"கோழி. சரி. கோழிக்கு என்ன?"

"பேனுங்க சார்."

"எந்த ஏரியா?"

"காட்டூருங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "காட்டூர்ல பேன் கிடையாதும்மா. போன மாசமே ஒழிச்சாச்சு. வாசல்ல பலகை பாக்கலையா?"

பார்த்தாள். 'புற ஒட்டுண்ணி அறவே அற்ற முன்மாதிரிப் பகுதி' என்று எழுதியிருந்தது. பலகையின் மேல் ஒரு சேவல் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.

"கையில ஊருதுங்களே சார்."

"ஊரட்டும். அது நாங்க ஒழிக்கறதுக்கு முன்னாடி பொறந்த பேனா, பின்னாடி பொறந்த பேனா?"

"தெரியலீங்க."

"முன்னாடி பொறந்திருந்தா ஒழிச்சாச்சு. பின்னாடின்னா, ஒழிச்ச இடத்துல எப்படிப் பொறக்கும்? எப்படிப் பாத்தாலும் உங்க கோழிக்குப் பேன் இல்லை. சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

வேணி திரும்புவதற்குள் உதவியாளர் அடைக்கலம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார்! துறையூர்லேருந்து வர வேண்டிய முன்மாதிரிக் கோழி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கூடையைத் தள்ளிட்டு ஓடிருச்சாம்! பீமராவ் சார் கார் வேற வந்துருச்சு!"

பீமராவ் என்பவர் மேலதிகாரி. பேனே இல்லாத கோழியைக் கண்ணாரக் கண்டு கௌரவிக்கத்தான் எழுந்தருளியிருந்தார். இருவர் பார்வையும் ஒயர்க் கூடையில் விழுந்தது.

"சார், இதுக்குத்தான் பேன் இருக்கே?" என்று அடைக்கலம் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இல்லைன்னு இப்பத்தானேய்யா நிரூபிச்சேன்!"

"சார், முட்டை ஆறிப்போகும்..." என்று வேணி சொன்னது மைக் டெஸ்டிங்கில் கரைந்துபோனது.

மேடையில் செவலைக்கு நாற்காலி போட்டார்கள். முதலில் பேசியவர் பானுப்ரியா. மாடிவீட்டுக் கோழி வளர்ப்பு ஆலோசகர். செல்போனில் அவரைப் பின்தொடர்கிறவர்கள் ஏராளம்.

"கோழியை நாம வளர்க்கலைங்க, கோழிதான் நம்மை வளர்க்குது," என்றார். "தினமும் காலையில கட்டிப்பிடிச்சு அதுக்கு நன்றி சொல்லுங்க."

"உங்க வீட்ல எத்தனை கோழி மேடம்?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"எனக்கு நாத்தம் ஒத்துக்காது. ஆலோசனை மட்டும்தான்."

அடுத்து பொன்னாடை. இயக்கத்திடம் இருந்தது ஒன்றே ஒன்று. போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள், உருவி அடுத்தவருக்குப் போர்த்துவார்கள். இதற்குச் சிக்கன நடவடிக்கை என்று பெயர். விழா நாயகி என்பதால் செவலைக்கு முதல் மரியாதை. புதுத் துணி கிடைத்ததும், சாம்பல் பூசிய உடம்பைவிட்டுப் பேன்கள் குடும்பத்தோடு அதில் குடியேறின. பிறகு அதே பொன்னாடை பீமராவுக்கு, பானுப்ரியாவுக்கு, ஹரிஹரசுதனுக்கு என்று வரிசை தவறாமல் போனது.

முதலில் பீமராவ் கழுத்தைச் சொறிந்தார். மேலதிகாரி சொறியும்போது சும்மா இருப்பது ஒழுங்கீனம் என்பதால், பொன்னாடையே கிடைக்காத அடைக்கலமும் சொறிந்தார். பானுப்ரியா சொறிந்த அழகைப் பார்த்து, இது ஏதோ புது உடற்பயிற்சி என்று முன்வரிசைப் பெண்கள் செல்போனில் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னய்யா இது?" பீமராவ் ஹரிஹரசுதனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"ஒண்ணுமில்லை சார். ஒழிக்கப்பட்டுவிட்டது."

"ஒழிக்கப்பட்டது என் முதுகுல ஓடுதுய்யா! அந்தப் பவுடரை எடு!"

"முடியாது சார். பேன் இருக்குன்னு பவுடர் குடுத்தா நம்ம அறிக்கை பொய்யாயிடும். பேன் இல்லாதவங்களுக்கு வேணா முன்னெச்சரிக்கையா குடுக்கலாம். ஆனா பேன் இல்லைன்னு பயனாளி தன் வாயால சொல்லணும்."

எல்லோரும் வேணியைப் பார்த்தார்கள். அடைக்கலம் மைக்கைக் கையில் திணித்தார்.

வேணி நிமிர்ந்து பார்த்தாள். பந்தல் கொள்ளாத கூட்டம். இடுப்பில் குழந்தை நெளிந்தது. வீட்டில் போர்வைக்கு அடியில் முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எங்க வீட்ல பேனே இல்லைங்க!" என்று கத்திவிட்டு, முழங்கையை வறட் வறட்டென்று சொறிந்தாள்.

பந்தலே கைதட்டியது, கைதட்டாத கை சொறிந்தது. பவுடர் பாக்கெட் வந்ததுதான் தாமதம், கூட்டம் முண்டியடித்தது. "எங்க வீட்லயும் இல்லைங்க!" "எங்க தெருவிலயே இல்லைங்க!" "எங்க மாமியார் வீட்ல எப்பவுமே இல்லைங்க!" எல்லாருக்கும் முன்னால் போய் நின்றவர் பீமராவ்.

செவலையையும் ஒரு பாக்கெட் பவுடரையும் எடுத்துக்கொண்டு வேணி ஓட்டமாக வீடு வந்தாள். கூடையின் பழைய வைக்கோலைக் கொளுத்தி, புதுசு பரப்பி, செவலைக்குப் பவுடரைத் தூவி உட்கார வைத்தாள். அன்று செவலை கூடையை விட்டு இறங்கவே இல்லை. விடிந்தபோது அவள் வயிற்றுக்கடியில் கீச்கீச்சென்று சத்தம் கேட்டது.

"ஒரு பொய்க்கு ஒரு கூடைக் குஞ்சு!" என்று வஹீதா சிரித்தாள்.

வாசலில் ஜீப் நின்றது. அடைக்கலம் இறங்கினார்.

"தங்கச்சி, நேத்து நீங்க பேசினது மேலிடம் வரைக்கும் போயிருச்சு. இன்னைக்கு ஸ்ரீரங்கத்துல கொசு ஒழிப்பு விழா. கொசு இல்லைன்னு சொல்ல ஆள் வேணுமாம்."

"ஐயோ அண்ணே, எனக்கு அங்க வீடே இல்லையே!"

"அதனாலதான். அங்க குடியிருக்கறவங்க யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. வந்தா கொசுவலை ஒண்ணு தருவாங்க."

குழந்தையின் கன்னத்தில் தடித்திருந்த கொசுக்கடியை வேணி தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், புடவையை மாற்றிக்கொண்டு, கண்ணாடி முன் நின்றாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"எங்க தெருவுல கொசுவே இல்லைங்க," என்று சொல்லிப் பார்த்தாள். குரல் போதவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டாள். "கொசு இருக்குன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அப்படிச் சொல்றவங்களை முதல்ல பிடிச்சு..."

"தங்கச்சி, நேரமாச்சு! வாங்க!"