தலையசைப்புப் பதிவேடும் ஒரு கறுப்புப் புள்ளியும்

கோர்னா லிப்பா நகரத்தில் தலையை இடவலமாக ஆட்டினால் ஆமாம். மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. பல்கேரிய தேசம் முழுவதும் அப்படித்தான். முன்னோர்கள் இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டுதான் பெண் கேட்டார்கள், ஆடு விற்றார்கள், பாவமன்னிப்புப் பெற்றார்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

பிறகு நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. நாடு சேர்ந்தால் தலையும் சேர வேண்டாமா என்று சிலருக்குத் தோன்றியது. கடைத்தெருவில் ‘சின்ன ஐரோப்பா’ என்றொரு மழலையர் பள்ளி திறந்தார்கள். அங்கே ஆமாமென்றால் மேலும் கீழும், இல்லையென்றால் இடவலம் என்று தினமும் காலை இருபது நிமிடம் பிள்ளைகளுக்குக் கழுத்துப் பயிற்சி. நாகரிகம் தெரிந்த தாய்மார்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ரலிட்சாவும் நின்றாள். ஐந்து வயது மகள் பில்யானாவுக்கு இடம் கிடைத்த அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வீடு திரும்பினாள்.

மார்ச் மாதம் ஒரு காலை, அந்தக் கழுத்துப் பயிற்சிக்கு நடுவில் பில்யானாவுக்கு வலிப்பு வந்தது. கண் செருகி, கை கால் வெட்டி, இரண்டு நிமிடத்தில் நின்றது. பிள்ளை பயிற்சியை ரொம்ப ஈடுபாட்டோடு செய்கிறாள் என்றுதான் ஆசிரியை முதலில் நினைத்தாளாம்.

மாவட்ட மருத்துவமனையில் புது எம்.ஆர்.ஐ. இயந்திரம் இருந்தது. குழந்தையை அதற்குள் படுக்கவைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில், பயறு அளவுக்கு, ஒரு கறுப்புப் புள்ளி.

டாக்டர் கெர்கினோவ் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று நிறையத் துடைத்தார்.

“இது ரெண்டுல ஒண்ணும்மா. சுண்ணாம்பா இருந்தா, எப்பவோ வந்துபோன காய்ச்சலோட தழும்பு. மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவோம். ரத்தக்கசிவா இருந்தா, தலைநகரத்துக்குக் கொண்டுபோய் மண்டையைத் திறக்க வேண்டி வரும்.”

ரலிட்சா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “எதுன்னு எப்படித் தெரியும் டாக்டர்?”

“அது ரொம்பச் சுலபம். காந்தத்துக்குள்ள சுண்ணாம்பு ஒரு மாதிரி நடந்துக்கும், ரத்தம் அதுக்கு நேரெதிரா நடந்துக்கும். அதனால இந்தப் படத்துல ஒண்ணு கறுப்பாத் தெரியும், இன்னொண்ணு வெள்ளையாத் தெரியும்.”

“இது கறுப்பு. அப்போ?”

டாக்டர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். “எது கறுப்புங்கறதுதான் இந்த ஆஸ்பத்திரியில இன்னும் முடிவாகலை.”

மேற்படி விஷயத்தில் விளக்கம் தரும் அதிகாரம் மருத்துவமனை இயக்குநர் பஞ்சரோவுக்கு மட்டுமே இருந்தது. அவர் அறையில் ரலிட்சாவை உட்காரவைத்து, தடித்த ஒரு நோட்டை எடுத்தார். அட்டையில் ‘தலையசைப்புப் பதிவேடு’ என்று எழுதியிருந்தது.

“எங்க மேல ஒரு தப்பும் கிடையாதும்மா. எல்லாம் எழுத்துல இருக்கு” என்று படித்துக் காட்டினார்.

முதல் பதிவு: இயந்திரத்தைப் பொருத்த வந்த ஆஸ்திரியப் பொறியாளர், “சுண்ணாம்பு கறுப்பாகத் தெரியும்படி வைக்கட்டுமா?” என்று கேட்டார். இயக்குநர் ஆமாமென்று தலையை இடவலமாக ஆட்டினார். பொறியாளர் அதை வேண்டாமென்று எடுத்துக்கொண்டு, வெள்ளையாக வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் பதிவு: தவறு தெரிந்து பொறியாளர் திரும்பி வந்து கறுப்பாக மாற்றினார். “இப்போது சரிதானே?” என்றார். இதற்கிடையில், அயல்நாட்டவர் முன்னிலையில் அரசு அலுவலர்கள் ஐரோப்பிய முறையிலேயே தலையசைத்தல் வேண்டும் என்று அமைச்சகச் சுற்றறிக்கை வந்திருந்தது. இயக்குநர் அதன்படி மேலும் கீழும் ஆட்டினார். பொறியாளரோ இதற்குள் உள்ளூர் வழக்கத்தை நன்றாகப் படித்துத் தேறியிருந்தார். மறுபடி வெள்ளையாக்கிவிட்டுப் போனார்.

மூன்றாம் பதிவு: பொறியாளர் மீண்டும் வந்தார். இரு தரப்பும் மிகுந்த எச்சரிக்கையோடு, தலையை அசைக்காமல் கைகுலுக்கிக்கொண்டன. போகிற போக்கில் அவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார்.

“எந்தப் பொத்தான் சார்?”

“அதைப் பதிவு பண்றதுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

“ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதா?”

“கேட்டோமே! ஓய்வு வாங்கிட்டாராம். கழுத்தே இல்லாத ஜனங்க எங்கயாவது இருந்தாச் சொல்லுங்க, அங்க போய் இருக்கேன்னாராம்.”

வாசலில் நின்றிருந்த ஸ்தான்காவுக்குப் பொறுக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக அந்த மருத்துவமனையில் படம் எடுப்பவள். “சார், எதுக்கு இந்தப் பாடு? பழைய சி.டி. இயந்திரத்துல வெச்சா சுண்ணாம்பு பளிச்சுனு தெரியும். ஒரு நிமிஷ வேலை.”

“கதிர்வீச்சா!” என்று பஞ்சரோவ் காதைப் பொத்திக்கொண்டார். “ஸ்தான்கா! ஜன்னலுக்கு வெளியில என்ன பலகை இருக்கு?”

வெளியே ‘கதிர்வீச்சில்லா நகரம் உங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று பலகை இருந்தது. அந்தப் பட்டத்துக்காகக் கிடைத்த கேடயங்கள் எல்லாம் சி.டி. இயந்திரத்தின் படுக்கையில்தான் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

“சரி, அது வேண்டாம்” என்றாள் ஸ்தான்கா. “பெரியவங்கள்ல பெரும்பாலும் எல்லார் தலைக்கு நடுவுலயும் பொட்டு சுண்ணாம்பு இருக்கும். யாராவது ஒருத்தர் தலையை உள்ள விட்டுப் பார்த்தா, அது கறுப்பா வெள்ளையான்னு தெரிஞ்சிடும்ல?”

“யார் தலையை? அதுல சுண்ணாம்பு இருக்குன்னு யார் சான்று குடுப்பாங்க?” பஞ்சரோவ் எழுந்து நின்றார். “அதிகாரபூர்வமாச் சுண்ணாம்பு உள்ள தலை ஒண்ணுகூட இந்த ஆஸ்பத்திரியில கிடையாது!”

“சான்றுதானே சார் இல்லை” என்று முணுமுணுத்துவிட்டு ஸ்தான்கா போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஏழு பேர் கொண்ட உயர்மட்டக் குழு கூடியது. டாக்டர் கெர்கினோவ் பில்யானாவின் படத்தை அங்கிருந்த வெளிச்சப் பெட்டியில் மாட்டிவைத்திருந்தார். ரலிட்சா பில்யானாவை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இந்த இரண்டு இரவும் அவள் தூங்கவில்லை. ‘ஆண்டவரே, சுண்ணாம்பா இருக்கட்டும்’ என்று ஜெபித்து ஜெபித்து, சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தாலே கைகூப்பத் தோன்றியது.

பஞ்சரோவ் தீர்மானத்தை வாசித்தார். “இன்று முதல் இம்மருத்துவமனை எல்லைக்குள் சுண்ணாம்பு கறுப்பு நிறமுடையதாகக் கருதப்படும். இது உரிய மேலிடத்து ஒப்புதலுக்கு உட்பட்டது.”

ரலிட்சா கையைத் தூக்கினாள். “அப்போ என் பொண்ணுக்குச் சுண்ணாம்புதானே சார்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?”

“ஒப்புதல் வரட்டும்மா. அது வர்ற வரைக்கும் ரெண்டும்தான்.”

“ரெண்டும்னா?”

“காலையில சுண்ணாம்புக்கு மாத்திரை குடுப்போம். சாயங்காலம் ஆபரேஷனுக்குத் தயார் பண்ணுவோம்.”

வாக்கெடுப்பு நடந்தது. மூன்று பேர் மேலும் கீழும் ஆட்டினார்கள். மூன்று பேர் இடவலமாக ஆட்டினார்கள். ஏழாமவர் தூக்கத்தில் இரண்டு விதமாகவும் ஆட்டினார். எல்லாத் தலைகளும் அசைந்தபடியால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று செயலர் எழுதிக்கொண்டார்.

மடியில் பில்யானா ரொட்டி மென்றுகொண்டே வெளிச்சப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வேண்டும் என்று அம்மாவின் கையைச் சுரண்டினாள். ஆனாலும் பேசவில்லை. வாயில் சாப்பாடு இருக்கும்போது பேசக் கூடாது. ரலிட்சாவைக் கன்னியர் மடத்துச் சகோதரிகள் அப்படி வளர்த்தார்கள், ரலிட்சா மகளை அப்படி வளர்த்தாள். முழுதாக விழுங்கிய பிறகுதான் கேட்டாள்.

“அம்மா, என் தலைக்குள்ள ஏன் வெள்ளை வெள்ளையா இவ்ளோ புழு?”

டாக்டர் கெர்கினோவ் சிரித்தார். “புழு இல்லடா தங்கம். அதெல்லாம் ரத்தக்குழாய். கெட்ட ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோற குழாய்.”

ரலிட்சா மெதுவாக எழுந்தாள். “டாக்டர், அந்தக் குழாய்க்குள்ள என்ன ஓடுது?”

“ரத்தம்தான்.”

“அது என்ன நிறம்?”

“வெள்...” டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்துவிட்டார். “வெள்ளை.”

“புள்ளி?”

“கறுப்பு.”

அறையில் ஏழாமவரின் குறட்டை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“அப்போ அது ரத்தமில்லை” என்றார் டாக்டர், பள்ளிக்கூடப் பையன் போல. “சுண்ணாம்பு. சுண்ணாம்பேதான்! படத்துக்குள்ளயே பதில் இருந்திருக்கு.”

“இருக்கட்டும்” என்றார் பஞ்சரோவ். “ஆனா படிவத்துல புள்ளியோட நிறத்தை மட்டும்தான் கேட்டிருக்கு. ரத்தக்குழாயோட நிறத்தைக் கேக்கவே இல்லை. கேக்காததைப் பார்க்க நமக்கு அதிகாரம் ஏது?”

ஆனாலும் அன்று மாலையே குழந்தையை அனுப்பினார்கள். சான்றிதழில் ‘சுண்ணாம்பு (நிறம்: பரிசீலனையில்)’ என்று இருந்தது. ரலிட்சா அதை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வழி நெடுக மருத்துவமனையைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஏழு படித்த தலை, ஒன்றுக்கும் ஆமாம் எது இல்லை எது என்று தெரியவில்லை! இப்படியும் ஒரு முட்டாள் கூட்டம் உண்டா?

வீட்டில் சூடாகப் பனிட்சா, அதாவது பாலாடைக்கட்டி வைத்த அடை, செய்து வைத்தாள். பில்யானா பெரிய துண்டாக எடுத்து வாயை நிறைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

ரலிட்சாவின் கரண்டி நின்றது. “கண்ணு, தலை வலிக்குதா?”

பில்யானா அம்மாவைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

ஊர் வழக்கப்படி அது இல்லை. வரிசையில் நின்று இடம் வாங்கிச் சேர்த்த பள்ளியின்படி அது ஆமாம்.

“எந்த மாதிரி ஆட்டுறே? இங்க மாதிரியா, ஸ்கூல் மாதிரியா? வாயைத் திறந்து சொல்லுடி!”

பில்யானா மறுபடியும் ஆட்டினாள். இந்தத் தடவை இன்னும் நன்றாக, கழுத்துப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஆட்டினாளோ, சும்மாதான் ஆட்டினாளோ. வாயைத் திறக்கவில்லை. வாயில் பனிட்சா இருந்தது.

ஆஸ்திரியப் பொறியாளர் மேல் ரலிட்சாவுக்கு முதல்முறையாக இரக்கம் வந்தது.

நல்ல பிள்ளை. அவசரமே இல்லாமல், அம்மா கற்றுக்கொடுத்தபடி, நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.