இங்கிலீசு தெரிந்த எருதுகள்

"குயிக் மார்ச்!"

தீர்த்தகிரி போட்ட சத்தத்தில் கிணற்று மேட்டிலிருந்த மைனாக்கள் பறந்தன. தண்ணீர் இறைக்கும் கவலையில் பூட்டியிருந்த காரியும் வெள்ளையும் மட்டும் அசையவில்லை. நேற்றுவரை அந்த வார்த்தைக்கு வாரிச் சரிவில் விறுவிறுவென்று இறங்கிய எருதுகள், இன்று அவரை யாரோ எவரோ என்று பார்த்தன.

வரப்பில் குந்தியிருந்த பக்கத்துக் காட்டுச் செங்கோட்டையன் தொண்டையைக் கனைத்தார். "ஏனுங் மாப்ள, மாட்டுக்கு இங்கிலீசு தெரியும்னு திருச்செங்கோட்டுச் சந்தையெல்லாம் சொன்னீங்களே!"

"தெரியுமுங்க. உங்களப் பாத்து வெக்கப்படுதுங்க."

சண்டை முடிந்து, பட்டாளத்தை விட்டுத் தீர்த்தகிரி ஊர் திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பர்மாக் காட்டில் மருந்து நெடி அடிக்கும் தண்ணீரைத் தகரக் குவளையில் அளந்து குடித்தவர். இப்போது வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து சரிவில் இறங்கும்போது, முதுகுக்குப் பின்னால் தொட்டியில் தண்ணீர் தபதபவென்று விழுமே, அந்தச் சத்தம் ஒன்றே போதும், கண் கலங்கிவிடும். மெடல் குத்தியபோதுகூட அவருக்கு இத்தனை சந்தோஷம் வரவில்லை.

ஆனால் அவை அவர் இல்லாத காலத்தில் வாங்கிய மாடுகள். தமிழில் அதட்டினால் கேட்கவில்லை. ஒருநாள் வெறுத்துப்போய் பரேடு ஆர்டர் போட்டார், நடந்தன! "ஸ்டெப் பேக்" என்றார். பின்னுக்கு ஏறி வந்தன. அவர் ஆர்டர் போடும்போதெல்லாம், மடையில் மண்வெட்டியோடு நிற்கும் மனைவி உண்ணாமலை 'டக் டக்'கென்று நாக்கைச் சொடுக்கி மெச்சுவாள். பெண்டாட்டி மெச்ச மெச்ச, அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையில்தான் இன்று காலை சொன்னார்: "நீ தனியாப் பாடுபட்டது போதும். ஊட்டுல இரு. மடையக் குஞ்சம்மா பாத்துக்குவா."

"நானும் வாரனுங்களே," என்று இழுத்தாள் உண்ணாமலை.

"இது ஆர்டர்!" என்றுவிட்டார்.

வெயில் ஏறியது. மடையில் களைக்காரி குஞ்சம்மாள் சும்மா நின்றாள். மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. உண்ணாமலை ஒற்றை ஆளாய் இத்தனை வருஷம் காப்பாற்றிய மிளகாய்க் காடு, தன் கை பட்டதும் கருகிப் போகுமோ என்று அவர் செடிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இன்னும் உரக்கக் கத்தினார். தொண்டைதான் கட்டியது.

"உடுப்பில்லாம சொன்னா எப்படிங்க மதிக்கும்?" என்றார் செங்கோட்டையன்.

அதுவும் நியாயமாகப் பட்டது. சாளைக் குடிசைக்குள் போய் காக்கிச் சட்டை, மெடல், பூட்ஸ் சகிதம் வந்து 'டக்'கென்று காலை உதைத்து நின்றார். மாடுகள் மிரண்டு திமிறியதில், வடக்கயிறு நுகத்தடியிலிருந்து நழுவித் தோல்சாலோடு கிணற்றுக்குள் போயிற்று. இறங்கி அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது பூட்ஸிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அதச் செடிக்காவது ஊத்தியிருக்கலாமுங்க, நாலு பொழைச்சிருக்கும்."

தீர்த்தகிரி பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை மறுபடி பூட்டினார்.

"அதட்டுனா ஆவாதுங்க மாப்ள. இங்கிலீசுலயே கெஞ்சிப் பாருங்க."

வேறு வழி? காரியின் கழுத்தைத் தடவி, "பிளீஸ்... குயிக் மார்ச்," என்றார்.

வெள்ளை படுத்துவிட்டது.

செங்கோட்டையன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தீர்த்தகிரிக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. நல்லவேளை, கம்மங்கூழ்ச் சட்டியோடு உண்ணாமலை வந்து சேர்ந்தாள். சொட்டச் சொட்ட நிற்கும் காக்கிச் சட்டையையும் படுத்துக் கிடந்த எருதையும் பார்த்தாள். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, குஞ்சம்மாளிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு மடையில் நின்றாள்.

"இன்னொருக்காச் சொல்லிப் பாருங்க," என்றாள்.

"எங்க சொல்றது? தொண்டையே போச்சு," என்று முனகியவர், வெறும் காற்றாக, "குயிக் மார்ச்," என்றார்.

வழக்கம்போல் உண்ணாமலை நாக்கைச் சொடுக்கி மெச்சினாள். வெள்ளை எழுந்தது. இரண்டும் ஜோடியாகச் சரிவில் இறங்கின. தபதபவென்று தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

செங்கோட்டையன் வரப்பிலிருந்து எழுந்தே விட்டார். தீர்த்தகிரிக்குக் கண் கலங்கி, மார்பு விரிந்து, போன குரலும் பாதி திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா! ஆர்டர மெதுவாக் குடுக்கோணும், அவ்வளவுதான் சூட்சுமம்!"

"உங்களத் தவிர வேற ஆராலுங்க முடியும்?" என்றாள் உண்ணாமலை, மண்ணைப் பார்த்துக்கொண்டு.

அதுவரை வாய் திறக்காத குஞ்சம்மாள் சலித்துக்கொண்டாள். "ஏனக்கா, நீ நாக்கச் சொடுக்கறது மாட்டுக்குன்னு காத்தாலயே சொல்லியிருந்தா நானே சொடுக்கியிருப்பனல்லோ? நானும் நீ அண்ணனத்தான் மெச்சறீன்னு நெனச்சுப் போட்டேன்!"