கசியாத பேனா

"இது கசியுமா?" என்று சலவைக்கடைக்காரர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

இஸ்திரி மேசையின் மேல் பரிசுப்பொருள்காரர் தன் பெட்டியைத் திறந்து கடை பரப்பியிருந்தார். சாவிக்கொத்து, கோப்பை, துணிப்பை, சின்னக் குடை என்று, கடைப்பெயரை அச்சடித்து வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்கக்கூடிய சகலமும் அதில் இருந்தன. ஆனால் கடைக்காரரின் கண் பேனாவை விட்டு நகரவில்லை.

"தலைகீழாத் தொங்கவிட்டாலும் ஒரு சொட்டு வராது சார். ஆனா உங்க தொழிலுக்குத் துணிப்பைதான் பொருத்தம். உள்ள போடுறதும் துணி, வெளிய இருக்கறதும் துணி!"

"எனக்குப் பேனாதான் வேணும்."

மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என் தம்பிக்குப் பேனாதான் வேணும். ஏன்னு மட்டும் கேட்றாதீங்க, காது சிவந்துடும்."

கேட்காமலே சிவந்துவிட்டது.

காரணம் ஒரு வெள்ளைக் கோட்டு. பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண்மணி வாராவாரம் தன் கோட்டுகளைச் சலவைக்குக் கொண்டுவந்து போடுவார். மேல்பையில் தவறாமல் ஒரு பேனா இருக்கும். அது தவறாமல் கசிந்திருக்கும். கடைக்காரர் அந்த நீலக் கறையோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் விரல் போன போக்கில் எண்களை அழுத்தி, "மேடம், துணி ரெடி" என்பார்.

"கறை போயிடுச்சா?"

"போயிடுச்சு மேடம்."

"பாவம், உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்!"

"சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்."

இவ்வளவுதான் பேச்சு. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடிவராத அந்த மனிதருக்கு இந்தப் பேச்சே அடுத்த வாரம் வரை தாங்கும்.

பிறகு பரிசோதனைக்கூடம் தன் ஊழியர்களின் கோட்டுகளையெல்லாம் மொத்தமாக ஒரு பெரிய சலவை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. கோட்டு நின்றது. பேச்சும் நின்றது. கறையில்லாத வெள்ளைத் துணியைப் பார்த்தாலே கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீயே ஒரு போன் போட்டுப் பேசேண்டா" என்று அக்கா சொல்லாத நாளில்லை.

"என்னன்னு பேசறது? துணி ரெடின்னா? துணியே இல்லையேக்கா."

"நல்லா இருக்கீங்களான்னு கேளு."

"சம்பந்தமே இல்லாம போன் பண்ணி நல்லா இருக்கீங்களான்னு கேட்டா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நல்லா இருக்கீங்களான்னு கேக்கறான்னு நினைப்பாங்க."

அதற்கான தைரியம் அவரிடம் இல்லை. ஆனால் ஒரு யோசனை இருந்தது. ஊருக்கெல்லாம் கடைப்பெயர் போட்ட பேனாவைக் கொடுத்தால், அது கை மாறி மாறி என்றாவது ஒருநாள் அந்த வெள்ளைக் கோட்டின் பைக்குப் போய்ச் சேராதா? கடை ஞாபகத்துக்கு வராதா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பக்கத்திலிருந்து போன் வராதா? அதுவும் கசியாத பேனாவாக இருந்தால், மேடம் மேல் இந்தக் கடைக்காரருக்கு எவ்வளவு அக்கறை என்று சொல்லாமலே தெரிந்துவிடுமே!

"அச்சுல என்ன போடணும் சார்?"

"கடைப் பேரு. அதுக்குக் கீழ, 'கறையா? கூப்பிடுங்கள்'. அதுக்குக் கீழ போன் நம்பர்."

"நம்பரைச் சொல்லுங்க."

கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தார். அந்த நேரத்தில் அவர் காதில் "கறை போயிடுச்சா?" என்ற குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பேனாக்கள் வந்து இறங்கின. எழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. எண்ணைப் பார்த்தார், பழகிய எண்தான். உடனே விநியோகம் ஆரம்பமாகிவிட்டது. சும்மா கையில் கொடுத்தால் என்ன அழகு? இஸ்திரி போட்ட சூட்டோடு ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு பேனாவைச் செருகி, மடித்து அடுக்கினார்.

தலைகீழாகத் தொங்கவிட்டால் கசியாது என்று பரிசுப்பொருள்காரர் சொன்னது உண்மைதான். இஸ்திரிச் சூட்டில் வேகவைத்தால் கசியாது என்று அவர் சொல்லவேயில்லை.

மறுநாள் காலை கடை திறப்பதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "வெளுக்கக் குடுத்தா நீலம் போட்டுக் குடுக்கறீங்களே!" என்றார் ஒருவர். "கறையையும் பண்ணிட்டு, கறையா கூப்பிடுங்கள்னு கிண்டல் வேறயா?" என்றார் இன்னொருவர். "ஏய்யா, ஆளே வராட்டி இப்படியா வியாபாரம் பிடிக்கறது?" என்று ஒரு அம்மாள் சட்டையை அவர் முகத்துக்கு நேரே உதறினார்.

கடைக்காரர் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டு, இலவசமாகவே கறை எடுத்தார். ஒவ்வொரு நீலக் கறையும் அவருக்கு வேறொரு கோட்டை ஞாபகப்படுத்தியது. அதனால் வேலை மெதுவாகத்தான் நடந்தது.

பரிசுப்பொருள்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பெட்டியைத் திறந்தார். "ஹேங்கர் போட்டுடலாம் சார். ஹேங்கர் எங்க கசியப் போகுது?"

"அதே வாசகம், அதே நம்பர்" என்றார் கடைக்காரர்.

ஹேங்கர் கசியவில்லை. ஆனால் இஸ்திரி போட்ட ஈரச் சூட்டில் அதன் அச்சு அப்படியே சட்டையின் தோளில் இறங்கியது. பாதி ஊர் தோளில் போன் நம்பரைச் சுமந்துகொண்டு நடமாடியது.

"விளம்பரம்னு பாத்தா, சார்..." என்று பரிசுப்பொருள்காரர் ஆரம்பித்தார். கடைக்காரர் சூடான இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் பரிசுப்பொருள்காரர் ஆசைப்படியே துணிப்பையும் வந்தது. மூன்றாம் நாள் மழையும் வந்தது. பையின் ஆரஞ்சுச் சாயம் ஓடிவந்து, உள்ளே இருந்த சட்டைகளோடு ஒன்றாகக் கலந்துவிட்டது.

இத்தனை அமர்க்களத்திலும் கடைப் போன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திட்டுவதற்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. கடைக்காரர் அவ்வப்போது ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்து மேடம் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பதறி, உடனே கீழே வைத்துவிடுவார்.

"போனைத் துடைச்சுத் துடைச்சே தேய்ச்சுடுவ போல" என்றாள் அக்கா. அவள் குரலில் கேலி குறைந்திருந்தது.

"ஒரு பேனா கூடவாக்கா அங்க போய்ச் சேந்திருக்காது?"

"போயிருக்கும்டா" என்று அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்தாள்.

இதற்கிடையே வாடிக்கையாளர்களிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சட்டையை உதறிக்கொண்டு வந்தவர்கள் போய், சாந்தமாக வருகிறவர்கள் அதிகமானார்கள். "தண்ணில நனைக்காம அப்படியே கொண்டுவரச் சொன்னாங்க, கொண்டுவந்துட்டேன்" என்றார் ஒரு பெண். அக்கா சொல்லியிருப்பாள் என்று கடைக்காரர் நினைத்தார். தம்பி சொல்லியிருப்பான் என்று அக்கா நினைத்தாள்.

அன்று வந்தவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பையில் நீலம், தோளில் நம்பர், இடுப்புக்குக் கீழே ஆரஞ்சு என்று ஒரே சட்டையில் மூன்று விளம்பரங்களையும் வாங்கியிருந்தார். ஆனால் வாயெல்லாம் சிரிப்பு.

"உங்களுக்குக் கோபமே வரலையா சார்?" என்று கடைக்காரர் கையைப் பிசைந்தார்.

"வந்துச்சு. போன் பண்ணி நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்னுதான் அடிச்சேன். ஆனா பேசின பேச்சுல கோபமெல்லாம் போயிடுச்சு. இப்ப எது கறைபட்டாலும் அடிச்சிடறேன்."

"எங்க அடிச்சீங்க? இந்த போன் அடிக்கவே இல்லையே!"

"இதோ, இந்த நம்பருக்குத்தான்" என்று அவர் சட்டையைக் கையில் கொடுத்தார்.

கடைக்காரர் தோளில் பதிந்திருந்த எண்ணை விரலால் தொட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க விரல் தானாகவே மேசை மேல் எண்களை அழுத்தியது. வாராவாரம் அழுத்திய எண். கடையின் எண்ணுக்கு அவர் ஒருநாளும் அடித்ததில்லை, தன் போனுக்குத் தானே யார் அடிப்பார்கள்?

"என்னடா? யாரு நம்பர் அது?" என்று அக்கா எழுந்து வந்தாள். எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடப் பாவி!"

கடைக்காரர் சட்டையை மடித்து அந்த எண்ணை மறைத்தார். பேனாக் கறை, ஹேங்கர் கறை, சாயக் கறை என்று ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு மேடம் வீட்டுக்கல்லவா போன் போட்டிருக்கிறது! இனி எந்த முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்பது? இருந்த ஒரு நல்ல பெயரையும் தன் கையாலேயே அச்சடித்துக் கெடுத்துக்கொண்டாயிற்று.

"அவங்களை... எல்லாரும் ரொம்பத் திட்டினாங்களா சார்?"

"திட்ட எங்க விட்டாங்க? 'அவர் வேணும்னு செய்யற ஆள் இல்லைங்க. கொண்டுபோய்க் குடுங்க, சிரமம் பாக்காம எடுத்துக் குடுப்பார்'னு ஒவ்வொருத்தர் கிட்டயும் பொறுமையா சொல்லியிருக்காங்க" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு மேசை மேல் சாய்ந்தார். "உங்க வீட்டம்மா தங்கமானவங்கதான் சார். ஆனா போனை வைக்கறதுக்கு முன்னாடி, 'அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா'ன்னு எல்லார்கிட்டயும் எதுக்குக் கேக்கறாங்க?"