அத்தான், சொல்லாமல் வாருங்கள்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள். மேட்டில் வீடு கட்டியவர்களின் நலத்தைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. இங்கு நாங்களும் நலம். இதை எழுதும்போது என் கால்கள் நாற்காலியின் குறுக்குக்கட்டை மேல் இருக்கின்றன. தரையில் வைக்க முடியாது. கடல் வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் போய்விடும். வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. வருவதையும் சொல்வதில்லை, போவதையும் சொல்வதில்லை.

கடலோரப் பாதுகாப்புத் துறையில், தலைமை அலுவலகத்தில் இருப்பவர் நீங்கள். சொந்தக்காரன் என்ற உரிமையில் உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று முடியவில்லை.

விஷயம் இதுதான். உங்கள் துறை கட்டிய கற்சுவர் எங்கள் தெரு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அதை நீட்டினால் தெரு தப்பும். நீட்டாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் தெரு இருக்காது. நீட்ட வேண்டுமென்றால் ஓர் அதிகாரி வந்து, வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். தண்ணீர் தினமும் வருகிறது. அதிகாரியும் வந்தார். இருவரும் சந்தித்துக்கொள்ளவில்லை.

முதல் முறை அவர் வருவதாகத் தகவல் வந்ததும் தெருச் சங்கத் தலைவரான தையற்காரர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார், நானும் கூடவே போனேன், மனு எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னைச் செயலாளராக்கியிருக்கிறார்கள், சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துத் தண்ணீரை வாளியில் அள்ளிக் கொல்லைப்பக்கம் கொட்டிக்கொண்டிருக்கிறாள், என்னம்மா இது என்று கேட்டால் "வெளியாள் வர்ற வீடு இப்படியாடா கெடக்கும்?" என்கிறாள், வெளியே எட்டிப் பார்த்தால் தெருவே வாளியும் கையுமாக நிற்கிறது, எதிர்வீட்டு முடிதிருத்துபவர் கடைச் சுவரில் தண்ணீர் ஏறி இறங்கிய கறையின் மேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார், "சும்மா ஒரே ஒரு கை தம்பி, பார்க்க அசிங்கமா இருக்குல்ல" என்கிறார், தையற்காரர் வீட்டிலோ ஊறிப்போன மெத்தையை மறைக்க அதன் மேல் புதுத் துணி விரித்தாகிவிட்டது. அதிகாரி வந்தார். தேநீர் குடித்தார். "வீட்டை நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். அன்று முழுவதும் அம்மாவுக்குக் கடல் ஞாபகமே இல்லை.

முடிதிருத்தும் கடையில் கூட்டம் போட்டேன். அடுத்த முறை யாரும் துடைக்கக் கூடாது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தையற்காரர் உணர்ச்சிவசப்பட்டார். "ஒரு சொட்டுத் தண்ணியக்கூட வெளிய விட மாட்டோம்!" என்று முழங்கினார். கைதட்டினோம்.

இரண்டாவது முறை. அதிகாரி வருவதற்குச் சற்று முன் தெருவில் மோட்டார் சத்தம். தையற்காரரின் மனைவி தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தார்.

"என்னக்கா, கூட்டத்துல பேசுனது மறந்துபோச்சா?"

"கூட்டத்துல பேசுனது அவரு. அவரு வீட்டைக் கூட்டுறாரா? நான்தானே கூட்டுறேன்."

மற்ற வீட்டுப் பெண்கள் இயந்திரத்துக்கு வரிசையில் நின்றார்கள். அம்மா முதல் ஆள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். மொத்தத் தெருவின் தலையெழுத்தும் இந்த அழுக்குத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று பேசினேன். கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். முடியும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு வாயால சொல்றது வேறடா. நாம இப்படித்தான் இருக்கோம்னு காட்டுறது வேற."

பல்கலைக்கழகத்தில் படித்த காலமென்றால் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். இங்கே கையில் வாளியைக் கொடுத்தாள். அள்ளினேன்.

அதிகாரி வந்தபோது தரை பளபளவென்றிருந்தது.

"எதுவரைக்கும் வருதுன்னு சொன்னீங்க?"

"முட்டி வரைக்கும் சார்" என்றார் தையற்காரர்.

அதிகாரி குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். தூசிகூட இல்லை.

"யாரு முட்டி?" என்றார்.

அவர் மீது எனக்குக் கோபமில்லை அத்தான். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதையே கேட்டிருப்பார்கள். போகும்போது ஜன்னலருகே நின்று, "காத்து நல்லா வருது" என்றார். அதுவும் உண்மைதான்.

அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் வாருங்கள். வந்து ஒரு முறை பாருங்கள். ஆனால் அதிகாரியாக வராதீர்கள், துடைத்துவிடுவார்கள். மாப்பிள்ளையாக வந்தால் இன்னும் மோசம். மாப்பிள்ளை வருகிறார் என்று தெரிந்தால் கடலைத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவாள் அம்மா. யாரோ ஒருவராக வாருங்கள். முக்கியமாக, அக்காவிடம் சொல்லாதீர்கள். அவளிடம் சொன்னால் நீங்கள் செருப்பு மாட்டுவதற்குள் இங்கே வாளி எடுத்துவிடுவார்கள். கடல் ஏறும் நேரமாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து கூடத்தில் நில்லுங்கள். எதுவும் பேச வேண்டாம். கால்சட்டை நனையட்டும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

களைத்துப்போய்விட்டேன் அத்தான். தண்ணீரோடு மல்லுக்கட்டி அல்ல, சுத்தத்தோடு.

அக்காவுக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு முத்தங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவதால், உங்கள் எல்லோருக்குமான அவளுடைய ஆசிகளை அவள் சார்பில் நானே வழங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கால்களை மேலே வைத்தபடி,
உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில் உங்கள் துறை ஆட்கள் வரிசையாக முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். அம்மா தேநீர் போட ஓடினாள். தையற்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் தோளுக்கு மேலாக முளைகளைப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இது பின்பக்கமாச்சே. கடல் அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும் தம்பி. சுவரு இப்படி வளைஞ்சு உங்க தெருவுக்குப் பின்னாடியே போவுது. உங்க வரிசை வீடெல்லாம் ரொம்பக் கெட்டியாம், ஒரு பொட்டு ஈரம் இல்லையாம். வர்ற அலைய முதல்ல இதுங்களே தாங்கிக்கும்னு ஆபீசர் எழுதிட்டாரு. அப்புறந்தான் சுவரு."

அம்மா தேநீர்த் தட்டோடு பின்வாசலில் நின்றிருந்தாள்.

"கெட்டின்னா சொன்னாரு?" என்றாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் முகத்தில் பெருமை வந்து போனது. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். "அப்போ உங்க அக்கா எந்த வழியாடா வருவா?"

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள் அத்தான். வருவதானால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். இந்தப் பக்கமிருந்து நாங்கள் ஏணி வைக்க வேண்டியிருக்கும்.