இருபத்தைந்து டிகிரியில் ஒருமனதாக

வெப்பநிலையைக் கூட்டம் போட்டே தீர்மானித்துவிடலாம் என்று உலகுக்கு முதன்முதலில் காட்டிய பெருமை அந்தப் பாட்டரித் தொழிற்சாலையையே சேரும். அதுவரை சூடு என்பது கேட்பாரற்று, தன் இஷ்டத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

சோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்த்துவந்த பரிசோதகிக்கு இந்த முன்னேற்றம் சட்டென்று பிடிபடவில்லை. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'சூட்டக்கா' என்று பெயர். எதைச் சொன்னாலும் "எத்தனை டிகிரியில?" என்று திருப்பிக் கேட்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு. புதிய 'மின்னல்' பாட்டரியைப் பதினைந்தே நிமிடத்தில் சார்ஜ் செய்யலாம் என்று விளம்பரம் வந்தாயிற்று. சான்றிதழில் அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. முதல் ஐம்பது பாட்டரிகள் சரக்கு ஆட்டோக்காரர்களுக்கு. அவர்களில் ஒருவன், உச்சி வெயிலில் பார்சல் ஏற்றி ஊரெல்லாம் சுற்றும் அவளுடைய தம்பி.

"நீ கையெழுத்துப் போட்டாப் போதும்க்கா. நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்று அவன் சொல்லியிருந்தான்.

நிர்வாகியின் தலைமையில், அவரையும் சேர்த்து எட்டு உறுப்பினர்கள் கூடினார்கள்.

"ஏம்மா, இன்னும் கையெழுத்துப் போடல?" என்றார் நிர்வாகி.

"நாப்பத்தஞ்சு டிகிரியில வேகமா சார்ஜ் ஏத்தினா தலையணை மாதிரி உப்புது சார்."

"ஏன்? அதுக்கு என்ன கோபம்?"

பரிசோதகிக்கு விளக்கம் சொல்வதென்றால் உயிர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல் தடவை சார்ஜ் ஏத்தும்போது, உள்ள இருக்கிற திரவம் கிராஃபைட் தகட்டு மேல பட்டுச் சிதைஞ்சு, பால் மேல ஆடை படியிற மாதிரி ஒரு மெல்லிய படலம் போடும் சார். அது நல்லது. லித்தியத்தை உள்ள விடும், திரவத்தைக் கிட்ட நெருங்க விடாது. சூடு ஏறினா அந்தப் படலம் பிய்யும். மறுபடி படியும். மறுபடி பிய்யும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லித்தியத்தைத் தின்னுட்டு வாயுவை விடும். அதான் உப்புது."

"அப்ப குளிர்ல வச்சுக்கச் சொல்லலாமே" என்றார் விளம்பர அதிகாரி.

"குளிர்ல லித்தியம் மந்தமாயிடும் சார். அப்பப் போய் வேகமா தள்ளினா, உள்ள நுழைய முடியாம வெளியிலேயே உலோகமா படிஞ்சிடும். அது ஊசி ஊசியா வளர்ந்து அந்தப் பக்கம் தொட்டுச்சுன்னா தீப்பிடிச்சு முடிஞ்சது கதை."

"சூடும் ஆகாது, குளிரும் ஆகாது. எங்க மாமனார் மாதிரியே இருக்கு" என்றார் கணக்கு அதிகாரி.

அறிவியலை இவ்வாறு நன்கு ஆராய்ந்தபின் 'வெப்பச் சீர்திருத்தம்' நிறைவேறியது. வெப்பமானியின் முனை இதுவரை பாட்டரியின் உடம்பில் ஒட்டப்பட்டிருந்தது. பாட்டரிக்கு இவ்வளவு அருகில் இருந்தால் அது ஒருதலைப்பட்சமாகத்தானே பேசும்? ஆகவே இனி 'நடுநிலையான இடத்தில்' ஒட்ட வேண்டும். தீர விசாரித்ததில், ஏசியின் வாய்தான் அந்த அறையிலேயே நடுநிலையான இடம் என்று தெரியவந்தது.

மறுநாள் சோதனையில் வெப்பநிலைக் கோடு இருபத்தைந்து டிகிரியில் ஆணி அடித்தாற்போல நின்றது. அந்த வரைபடத்துக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். இந்த நல்ல செய்தி பாட்டரிக்கு மட்டும் எட்டவில்லை. அது பாட்டுக்கு உப்பியது.

"இப்பவாவது போடும்மா" என்றார் நிர்வாகி.

"போடுறேன் சார். உங்க முன்னாடி ஒரே ஒரு தடவை சார்ஜ் ஏத்திக் காட்டிட்டுப் போடுறேன்."

கூட்ட மேஜையின் நடுவில் பாட்டரியை வைத்தாள். பக்கத்தில் ஒரு வாளி மணல்.

"மணல் எதுக்கு?"

"சும்மா சார்."

மூன்றாவது நிமிடத்தில் விளம்பர அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஐந்தாவது நிமிடத்தில் கணக்கு அதிகாரிக்கு மாமனாரிடம் அவசரமாகப் பேசவேண்டியிருந்தது. ஏழாவது நிமிடத்தில் பாட்டரி லேசாக "டிக்" என்றது. ஒன்பதாவது நிமிடத்தில் கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது.

"பாதுகாப்பானதுன்னு எழுதிக்கோம்மா!" என்று கதவுக்கு அப்பாலிருந்து நிர்வாகியின் குரல் வந்தது.

"எல்லாருக்கும் சம்மதமா சார்?"

"சம்மதம்!" என்றன எட்டுக் குரல்கள்.

அவள் சுவிட்சை அணைத்தாள். கூட்டக் குறிப்பு எழுதுவதும் அவள் வேலைதான். நடந்ததை நடந்தபடி எழுதி நீட்டினாள். எழுதியவர் மனம் நோகுமே என்று, எட்டுப் பேரும் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்திட்டார்கள்.

"அப்ப சான்றிதழ்ல நான்..."

"பெரியவங்க எட்டுப் பேர் போட்ட பிறகு உன் கையெழுத்து எதுக்கும்மா? இதையே அச்சடிச்சு பாட்டரிக்கு ஒண்ணு குடுத்துடுவோம்" என்றார் நிர்வாகி. அவர் சொன்னபடியே செய்தும் விட்டார்.

விநியோக நாளில் ஐம்பது ஆட்டோக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். தம்பிதான் முதலில். தாளை மேலும் கீழும் புரட்டினான்.

"என்னக்கா, உன் கையெழுத்தையே காணோம்?"

"என்ன எழுதியிருக்குன்னு படிடா. சத்தமா."

அவன் படித்தான். "'மின்னல் பாட்டரி முற்றிலும் பாதுகாப்பானது என்று உறுப்பினர்கள் எட்டுப் பேரும், அறைக்கு வெளியே, சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றபடி ஒருமனதாகத் தீர்மானித்தனர். அப்போது அறைக்குள் இருந்தவை: பாட்டரி, பரிசோதகி, மணல் வாளி.'"

வரிசை வால்பக்கத்திலிருந்து கலையத் தொடங்கியது. தம்பி தாளை நான்காக மடித்து அக்காவிடமே கொடுத்துவிட்டுத் தன் பழைய வண்டியைக் கிளப்பினான்.

அந்த நிர்வாகத்துக்குப் பாதுகாப்பில் அக்கறை இல்லை என்று இனி யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது. ஒன்பதே நிமிடத்தில் எட்டு உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.