ஆளில்லாத அறையில் இருபத்து நாலு டிகிரி

ஏசி ஓடிக்கொண்டிருந்தபோதே படுக்கையறையில் முப்பத்தொரு டிகிரி இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஓர் உருளைக்கிழங்குக் குளிர்பதனக் கிடங்கின் மேற்பார்வையாளர். கிடங்கில் எல்லோரும் அவரை 'டிகிரி சார்' என்பார்கள். பதினெட்டு வருடமாக ஆறாயிரம் மூட்டைக் கிழங்கை நாலு டிகிரியில் வைத்து, ஒன்றைக்கூட முளைக்கவிடாதவர்.

"உங்க உருளைக்கிழங்குக்கு இருக்கிற கொடுப்பினை எனக்கு இல்ல," என்றாள் அவர் மனைவி, பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே.

"காத்து வருதே?"

"காத்து ஃபேன்லயும்தான் வருது. ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த ரூம் இருபத்தஞ்சுக்கு இறங்கலைன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். வெயில் முடிஞ்சப்புறம்தான் வருவேன். அண்ணனே கார் எடுத்துட்டு வர்றேன்னுருக்காரு."

சொன்னதோடு நிற்காமல், பரணிலிருந்த பச்சைப் பெட்டியை இறக்கித் துடைத்து வாசல் கதவருகே நிறுத்திவைத்தாள்.

அன்று திங்கட்கிழமை. போன வருடம் அவள் நான்கு நாள் போயிருந்தபோது அப்பாவும் மகளும் மூன்று வேளையும் ரொட்டியும் ஜாமும் தின்றார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மச்சான் வாயைத் தாங்க முடியாது. 'கிழங்கு குளுகுளுன்னு இருக்கும், கட்டினவ வெந்து போவா' என்று சொந்தக்காரர் கல்யாணம் ஒவ்வொன்றிலும் சொல்லிச் சிரிப்பார். குளிர்பதனத் துறையில் பதினெட்டு வருடம் இருந்தவருக்கு இது மானப் பிரச்சினை.

திங்கட்கிழமை மாலையே டிகிரி சார் ஏசியின் வடிகட்டியைக் கழற்றிக் குழாயடியில் கழுவினார். காய வைத்தால் இரண்டு மணி நேரம் வீண் என்று ஈரத்தோடே திருப்பி மாட்டினார். ஏசி தும்மியது. கட்டில்மேல் சேற்றுத் தண்ணீர் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. அறை முழுக்க, நனைந்த நாய்க்குட்டியைத் துவட்டாமல் விட்டது போல ஒரு வாடை.

"எத்தனைங்க?" என்றாள் மனைவி.

"முப்பத்தொண்ணுதான். ஆனா இறங்கப் பாக்குது."

செவ்வாய்க்கிழமை குளிர் தப்பிக்கிற வழிகளை அடைத்தார். ஜன்னல் இடுக்குகளில் பழுப்பு டேப் ஒட்டினார். கதவுக்கு, கிடங்கில் கழித்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் பட்டைத் திரையைக் கொண்டுவந்து மாட்டினார். ஒவ்வொரு பட்டையும் ஒரு சாண் அகலம். நடந்து போகிறவர்களின் கன்னத்தில் அறையும்.

"அப்பா, என் கண்ணாடி கீழ விழுந்துடுச்சு," என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். "இதுல கிழங்கு நாத்தம் வேற அடிக்குது."

"பழகிடும்."

பழகவில்லை. பட்டைகளின் கனத்தில் கதவு மூட மறுத்தது. முன்பு விரல் நுழையாத இடத்தில் இப்போது பூனை நுழைந்தது. முப்பத்திரண்டு.

புதன்கிழமை அவர் வெளி யூனிட்டைக் கவனித்தார். மொட்டை மாடியில் அது வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கிடங்கின் சுவர்களுக்குத் தெர்மகோல் இருக்கிறது. இதற்கு ஏன் இல்லை? அரை நாள் விடுப்பு எடுத்து, தெர்மகோல் பலகைகளை நறுக்கி, நான்கு பக்கமும் மேலேயும் இடைவெளி இல்லாமல் பெட்டி போல மூடி, கயிறு போட்டுக் கட்டினார். கீழே இறங்கி வருவதற்குள் ஏசி ஒருமுறை உறுமிவிட்டு நின்றது.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்தார். மாடிக்குப் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"யார் சார் இதுக்குச் சமாதி கட்டினது?"

"வெயில் படாம இருக்கத்தான்..."

"நிழல் குடை மாதிரி இருக்கணும் சார். நீங்க வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திட்டீங்க. ரூம்ல இருக்கிற சூட்டை வெளிய தள்ளறதுதான் இதோட வேலை. தள்ள இடம் வேணாமா?"

"கிடங்குல நாங்க..."

"கிடங்குல நீங்க மெஷினுக்கா தெர்மகோல் ஒட்டினீங்க? சுவத்துக்குத்தானே?"

மெக்கானிக் பெட்டியைப் பிரித்தார். மேலே மட்டும் ஒரு பலகையை எட்டத்தில் நிறுத்தி நிழல் செய்தார். பட்டைத் திரையைக் கழற்றி வாசலில் போட்டார். வடிகட்டியை நிழலில் உலர்த்தி மாட்டினார். மாலைக்குள் இருபத்தேழுக்கு வந்துவிட்டது. அத்தோடு அவர் போயிருக்கலாம். செருப்பை மாட்டும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"கதவைச் சும்மாச் சும்மாத் திறக்காதீங்க சார். சூடு தர்ற சாமானும் உள்ள வேணாம். இன்னும் ரெண்டு மூணு இறங்கும்."

டிகிரி சாரின் முகம் மலர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த பாஷை.

வெள்ளிக்கிழமை காலை படுக்கையறைக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. கதவு திறக்கும் நேரம்: காலை ஆறு, மாலை ஆறு. மற்ற நேரத்தில் திறக்க வேண்டுமானால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இஸ்திரிப் பெட்டி, மேஜை விளக்கு, மகளின் கம்ப்யூட்டர் எல்லாம் கூடத்துக்கு வந்தன. இருபத்தாறரை.

"அப்பா, என் புக்கு உள்ள இருக்கு."

"சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துக்கோ."

"பரீட்சையே பத்து மணிக்குப்பா!"

"அப்போ காரணத்தை எழுது."

அவள் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், 'அப்பா' என்று.

இன்னும் ஒன்றரை டிகிரி இறங்க வேண்டும். டிகிரி சார் யோசித்தார். வயலிலிருந்து வரும் கிழங்கு தன் சூட்டோடு வரும். மூட்டை கூடினால் இயந்திரம் திணறும். மனித உடம்பும் அப்படித்தான். ஓர் ஆள், எரிகிற நூறு வாட் பல்புக்குச் சமம். வெயில் காலத்தில் மூவரும் படுக்கிற இந்தச் சின்ன அறையில் மூன்று பல்பு எரிந்தால் ஏசி என்னதான் செய்யும்?

வெள்ளிக்கிழமை மாலை மகளைக் கூடத்துக்கு மாற்றினார். இருபத்தாறு.

சனிக்கிழமை மனைவியிடம் சற்றுத் தயங்கித்தான் பேசினார்.

"நீயும் கொஞ்சம் வெளிய இருந்தேன்னா..."

"சரிங்க," என்றாள் அவள், தலையணையை எடுத்துக்கொண்டு.

இருபது வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக அவள் ஒத்துக்கொண்டது இல்லை. டிகிரி சார் அதை விஞ்ஞானத்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டார். சமையலறையில் அவள் போனில் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது: "இருபத்தஞ்சு வந்தாச்சு அண்ணே. இன்னும் இறக்குவாரு."

மச்சானுக்கு விஷயம் போகிறது என்பதில் அவருக்குச் சந்தோஷம்தான். கேட்கட்டும். நன்றாகக் கேட்கட்டும். இன்னும் ஒரு டிகிரி இறக்கியே காட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அறையில் மிஞ்சியிருந்த ஒரே சூட்டுச் சரக்கு அவர்தான்; வீட்டிலேயே கனமானதும் அதுதான். கடமை கடமைதான். ஆறு மணிக்கு, வெப்பமானியை ஜன்னல் கண்ணாடிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு அவரும் வெளியேறிக் கதவைச் சாத்தினார்.

பத்து மணிக்கு இருபத்து நாலு.

ஏசி முனகக்கூட இல்லை. மூவரும் தாழ்வாரத்தில் வியர்த்து வழிய நின்று, ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார்கள்.

"ரொம்ப நல்லா இருக்குப்பா," என்றாள் மகள். "யாருக்கு?"

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. மச்சான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன மாப்ள, ஏதோ சாதிச்சிட்டீங்களாமே?"

டிகிரி சார் ஜன்னலைக் காட்டினார். மச்சான் கண்ணாடியில் மூக்கு பதியப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை.

"அடேங்கப்பா! நெஜமாவே இருபத்து நாலு! உள்ள போலாமா?"

"பொறுங்க மச்சான். வெயில்ல வந்த சரக்கை நேரா உள்ள விடக்கூடாது. ஒரு மணி நேரம் இப்படி ஃபேன் கீழ உக்காந்து சூடு ஆறுங்க. அப்புறம் பாக்கலாம்."

மச்சான் கூடத்து ஃபேனடியில் பள்ளிப் பிள்ளை போல அடங்கி உட்கார்ந்தார். டிகிரி சாருக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நேரம் பார்த்து, நரைத்த மீசைக் கார் டிரைவர், தோளில் எதையோ சுமந்தபடி வாசற்படி ஏறினார். பச்சைப் பெட்டி வழியை மறித்து நின்றது.

"டிரைவர்," என்றார் டிகிரி சார், கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போக வேண்டிய அவசியமே இல்ல. அம்மா எங்கயும் போகல."

டிரைவர் பெட்டியைக் கால் நுனியால் தள்ளினார். ஒன்றுமில்லாத பெட்டி கூடத்தின் மறுகோடி வரைக்கும் வழுக்கிப் போயிற்று. காலியான இடத்தில், தோளிலிருந்த மெத்தைச் சுருளைத் தொப்பென்று போட்டார். அவருக்குப் பின்னால் மச்சான் மனைவி தலையணைகளோடும், இரண்டு பிள்ளைகள் பள்ளிப் பைகளோடும் வந்துகொண்டிருந்தார்கள்.

"எடுத்துட்டுப் போக யாரு சார் வந்தா?" என்றார் டிரைவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "அங்க இவங்க ஏசி செத்துப் பத்து நாளாச்சு, 'அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு மிரட்டினாப் போதும், இவரு ஒரு வாரத்துல ரூமை ரெடி பண்ணிடுவாரு, ஞாயித்துக்கிழமை நாலு பேரும் வந்துடுங்க'ன்னு அம்மா அப்பவே போன்ல சொல்லிட்டாங்களே!"