அங்கே யார் நின்றது?

நான் வாழ்க்கையில் அதிகம் புகழ்ந்து பேசிய நாவல், முழுதாக வாசிக்காத ஒன்று. முழுதாக வாசிக்கவில்லை என்பது அப்போது எனக்கே தெரியாது.

மாத்தளையில் எங்கள் வாசகர் வட்டம் பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறைகளில் கூடும். அண்மையில் வாசித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும். என் முறை வந்த அன்றுதான் என்னை மாப்பிள்ளை பார்க்கவும் வந்தார்கள். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர், பெரிய வாசகர். "பேச்சைக் கேட்டுட்டு முடிவு சொல்றேங்க" என்று தரகரிடம் சொல்லியிருந்தார். மகள் வசந்தியும் பின்வரிசையில் இருந்தாள். (அவள் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.)

நாவல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. வெளிநாடு போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. அது இப்படி முடிந்தது: 'அவள் கதவைத் திறந்தாள். அங்கே'. முற்றுப்புள்ளிகூடக் கிடையாது. நான் ஆடிப்போய்விட்டேன்.

அந்த ஒரு சொல்லைப் பற்றியே ஏழு நிமிடம் பேசினேன். "அங்கே யார்? ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அங்கே நிற்பது நம் மனச்சாட்சி." சொல்லிவிட்டுப் புத்தகத்தை மெல்ல மூடினேன்.

வசந்தி கையை உயர்த்தினாள். "மன்னிச்சுக்கங்க. அங்க நிக்கிறது அவ புருஷன். கையில டிவி பெட்டியோட வந்திருப்பாரு. அடுத்த பக்கத்துல இருக்குங்க. அதுக்கப்புறம் இன்னும் பதினஞ்சு பக்கம் போகும்."

புரட்டிப் பார்த்தேன். பின்னட்டைக்கு முன்னால் வெறும் தையல் நூல் தொங்கியது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "அது வேற பதிப்பா இருக்கும்" என்றேன்.

"ஒரு பதிப்புதாங்க வந்திருக்கு."

மண்டபமே சிரித்தது. கல்யாணம் கைநழுவிப் போய்விட்டது என்று நிச்சயமாக நம்பினேன். தேநீர் நேரத்தில் நைசாக நழுவி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தபாலதிபர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, இருந்த பக்கத்தையெல்லாம் ஒழுங்கா வாசிச்சிருக்கீங்க. இதுக்கு முன்னால நாங்க பாத்த ரெண்டு பேரும் அட்டையோட நிறுத்திக்கிட்டாங்க."

கல்யாணமாகிப் பதினோரு வருடமாகிறது. நான் எதைப் பற்றி அபிப்பிராயம் சொன்னாலும், "கடைசிப் பக்கம் பாத்தீங்களாப்பா?" என்று மகள் கேட்கிறாள். மாமாவிடம் புத்தகம் இரவல் கேட்டால், கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கையில் தருகிறார். போன வாரம் பஞ்சாங்கத்தைக்கூட அப்படித்தான் தந்தார்.